சனிக்கிழமைகளில் வந்தவள்

தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பதில் எனக்குத் தெரியும், வாயால் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். லில்லி அத்தைக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிடலாம், நேரில் போய் வைக்க வேண்டாம், தாலியின் மூன்றாவது முடிச்சைப் பெரியப்பா மகள் போட்டால் போதும் என்று சொன்னாய். அப்பாவின் கூடப் பிறந்த தங்கச்சியாயிற்றே என்று நான் ஒப்புக்குத்தான் கேட்டேன். அதற்கு நீ சொன்னாய்: "நோயாளி வீட்ல யாரு இருப்பான்னு போனவங்கதானம்மா அவங்க."

அந்த வாக்கியத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். உனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது உன் காதில் போட்டேன். இத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஒரு எழுத்து மாறாமல் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாய். போனை வைத்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன். சோறு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகமே வந்தது.

உன் அம்மாவின் புத்தி உனக்குத் தெரியாததா? ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவள். ஷூவின் மேல்பாகத்தை, நாங்கள் அப்பர் என்போம், தைத்து அனுப்புவார்கள். ஒரு தையல் தவறியிருந்தாலும், தோலில் கொசுக்கடி அளவுக்கு ஒரு புள்ளி இருந்தாலும், அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் கண் அந்த வேலையை விடாது. உன் அத்தை மேல் நான் ஒட்டாத இடம் கிடையாது. இப்போது உனக்கு வரப்போகிறவள் மேலும் ஒட்டுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிச்சயத்தன்று எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது அவள் உன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் காலர் என் கையில் இருந்தது. நாளைக்கு நான் அவளைப் பற்றி ஏதாவது சொன்னால், ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுப் பொருளை ஒதுக்கிவிடாதே. பொருளை எடுத்து நீயே ஒருமுறை திருப்பிப் பார். நல்ல அப்பரையும் நான் தப்பாக ஒதுக்கியிருக்கிறேன். லில்லியை அப்படித்தான் ஒதுக்கினேன்.

கம்பெனியில் ரத்ததான முகாம் வைத்த வருஷம் அது. நானும் போய்க் கையை நீட்டினேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம், வேலூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். கல்லீரலில் கிருமி, ஹெபடைடிஸ் சி என்று பேர் சொன்னார் டாக்டர். வாரம் ஒரு ஊசி, தினம் ஐந்து மாத்திரை, காலையில் இரண்டு, சாயங்காலம் மூன்று. நாற்பத்தெட்டு வாரம். ஊசி மருந்து கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் வேண்டும், நம் வீட்டில் ஏது? கீழ் வீட்டு பாய் வீட்டம்மா முட்டை வைக்கிற தட்டில் இடம் ஒதுக்கித் தந்தார். வேலூரில் நர்ஸாக இருந்த லில்லி, ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஒரு பையோடு ஆம்பூருக்கு வந்தாள். நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க என்றாள். தினம் விடியற்காலை பஸ் பிடித்து வேலூர் போய் டியூட்டி பார்த்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து சமைப்பாள். கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் அவள் வெங்காயம் நறுக்குகிற அளவில் குறை கண்டுபிடித்தேன்.

இரண்டாம் மாசம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த மாடி வீட்டுக்குப் பதினெட்டுப் படி, ஞாபகம் இருக்கிறதா? நீ குழந்தையாக இருந்தபோது ஒரு கையில் தண்ணீர்க் குடம், இன்னொரு கையில் நீ என்று ஏறினவள் நான். ஆறாவது படியிலேயே நின்றுவிடுவேன். காதுக்குள் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி நெஞ்சு அடிக்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் இளைக்கும். உன்னைத் திட்ட வேண்டுமானால்கூட ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துத் திட்ட வேண்டியிருந்தது, அதில் பாதி கோபம் ஆறிவிடும். நீ சிரிப்பாய். ரத்தம் பரிசோதித்தார்கள். பதின்மூன்று இருந்தது பத்தேகாலுக்கு வந்திருந்தது.

ரத்தம் கம்மி என்றால் நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? சுவரொட்டி சாப்பிடு, ஆட்டு மண்ணீரல்தான் ரத்தம் ஊறவைக்கும் என்பார்கள். உன் அப்பா வாரம் இரண்டு நாள் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வந்தார். மிளகு போட்டு வறுத்துத் தின்றேன். பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஒன்றும் பாக்கியில்லை. லில்லி மட்டும் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "இது சாப்பாடு பத்தாம கம்மியான ரத்தம் இல்ல அண்ணி. அந்த மாத்திரையே ரத்தத்த ஒடைக்குது. மாத்திரைய நிறுத்துனா தானா ஏறிடும். ஆனா நிறுத்தக் கூடாது." அவள் சொன்னது நாலு வாக்கியம். நான் மூன்றாவதை மட்டும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்குகிற உடம்போடு குடித்தனம் பண்ணுவது எப்படி என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். ஒன்பதாவது படியில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். குளியலறையில் ஒன்று, அடுப்புப் பக்கத்தில் ஒன்று. மூச்சு முட்டிய பிறகு உட்காராதீங்க, முட்டறதுக்கு முன்னாடியே உட்காருங்க என்பாள். படி ஏறும்போது பேசக் கூடாது. வாயைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி மெதுவாக மூச்சை விட வேண்டும். பெரிய வேலையெல்லாம் காலையில், ஊசி போட்ட மறுநாள் ஒரு வேலையும் கிடையாது. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிற்றில் கூடை கட்டித் தொங்கவிட்டாள், காய்கறியும் பாலும் அதிலேயே மேலே வந்துவிடும். கூடை இழுக்க நீயும் அவளும் போட்டி போடுவீர்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்கு உதவியது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அவள் போட்ட ஸ்டூலில்தான் உட்கார வேண்டும்.

எனக்கு அவள் அழகின் மேல் பொறாமை இல்லை, அவள் படிப்பின் மேலும் இல்லை. அவள் மூச்சின் மேல்தான் பொறாமை. ராத்திரி ஜெபத்துக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் எப்போதும் நான். அந்த வருஷம் இரண்டாவது வரியிலேயே என் குரல் தேய்ந்துவிடும். விட்ட இடத்திலிருந்து லில்லி பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சரணத்தை முடிப்பாள். நீ அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பாடுவாய். எல்லாரும் கண்ணை மூடியிருப்பீர்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து அந்த ஒரு சாண் இடத்தைப் பார்ப்பேன், நீ என்னிடமிருந்து நகர்ந்த இடத்தை.

டாக்டர் மாசாமாசம் கேட்பார், மாடி ஏறினால் மூச்சு வாங்குதா என்று. ரொம்ப வாங்கினால் மாத்திரையை நாம் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம், நீங்களாகக் குறைக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். லில்லி என் பக்கத்தில் நிற்பாள், அவள் எதிரில் நான் சொல்வேனா? இல்ல சார், நல்லாருக்கேன் என்பேன். லில்லி வாயைத் திறந்தால் அவள் காலை மிதிப்பேன். உனக்கு ஒரு புத்திமதி சொல்கிறேன், இதற்காகவாவது இந்தக் கடிதத்தை எடுத்து வை. கேட்க வேண்டியவர் கேட்கும்போது வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல். வீம்புக்கு மருந்து கிடையாது.

உன் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. ஓட்டப் பந்தயத்தில் உனக்கு முதல் பரிசு. விழா மண்டபம் இரண்டாவது மாடியில். வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நீ அந்தச் சீட்டை நேராக லில்லியிடம் கொடுத்தாய். "அம்மாவாலதான் படி ஏற முடியாதே. அத்தை, நீங்க வாங்க." நீ என் மேல் இருந்த பரிவில்தான் சொன்னாய், சத்தியமாக எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஏறிய ஆத்திரத்தை எந்த டாக்டராலும் இறக்கியிருக்க முடியாது. நான்தான் வருவேன் என்றேன். நீங்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்கால மாத்திரை மூன்றையும் லில்லி எதிரில் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அந்தப் பக்கம் போய்த் துப்பினேன். எங்கே போட்டேன் தெரியுமா? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஒரு ஜோடி ஷூவை, அடுத்த வருஷம் உன் காலுக்குச் சரியாகும் என்று கட்டிலடியில் வைத்திருந்தேனே, அதன் மூக்குக்குள். காகிதம் அடைத்து மேலே மூடிவிட்டேன். லில்லி சொன்னது பொய்யாகவில்லை, ரத்தம் ஏறியது. இரண்டாவது வாரம் ஒன்பதாவது படியில் உட்காராமல் மேலே வந்தேன். அந்த ஸ்டூலைத் தாண்டும்போது எனக்கிருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, எப்படி அண்ணி ஏறுச்சு என்று லில்லி திகைத்தாள். சுவரொட்டி வேலை செஞ்சிருக்கு என்றேன். உன் அப்பா அதை நம்பி அந்த வாரம் மூன்று நாள் வாங்கி வந்தார், பாவம்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை. நீ ஒத்திகைக்குப் போயிருந்தாய். உன் பழைய ஷூ வாய் பிளந்திருந்ததால், புதுசு உனக்குச் சேருமா என்று பார்க்க லில்லி கட்டிலடியிலிருந்து அந்த ஜோடியை எடுத்திருக்கிறாள். பாலிஷ் போடக் கையை உள்ளே விட்டாள். காகிதத்தை இழுத்ததும் மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எத்தன நாளா அண்ணி?"

நான் விழாவுக்கு எடுத்து வைத்த புடவையை மறுபடி மடித்தேன்.

"டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அவரே கம்மி பண்ணிக் குடுத்திருப்பாரு. பாதியில வுட்டா கிருமி போவாது அண்ணி. இவ்ளோ நாள் பட்ட கஷ்டம் எதுக்கு? இன்னிக்கு நீங்கதான் விழாவுக்குப் போறீங்க, நான் போறேன்னு எப்பவாவது சொன்னேனா?"

ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மூடி மறைத்தால் இந்தக் கடிதமே வீண். "உனக்குன்னு ஒண்ணு பொறக்கல, அதான் எம் புள்ளைய எடுத்துக்கப் பாக்கற. நான் எப்ப சாவேன்னு காத்துன்னு இருக்கற. அவனப் பெத்ததாலதான் எனக்கு இந்த நோவே வந்துது. இன்னிக்கு அவன்கிட்ட அதையும் சொல்றேன், அப்புறம் யார் பக்கம் வர்றான்னு பாக்கலாம்."

அது என்ன விஷயம் என்று கேட்பாய். உன்னைப் பெற்றபோது எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கிருமிக்கென்று பரிசோதனை கிடையாது. அதில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைத்தான் நான் ஆயுதமாக எடுத்தேன். லில்லி தன் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள். "பிரசவத்துல ஏத்துன ரத்தம்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. சின்னப் புள்ள, தாங்க மாட்டான்." நான் அவளுக்குச் செய்த ஒரே மரியாதை, இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் இருந்தது. இன்றைக்குச் சொல்கிறேன் என்றால் உனக்கு வயது வந்துவிட்டது, இதைச் சுமையாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்ற நம்பிக்கையில்தான். நீ கேட்டா ஏற்றினார்கள்?

சாயங்காலம் அந்த இரண்டு மாடியையும் நான் நிற்காமல் ஏறினேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். நீ அந்தப் புது ஷூவில், அவள் பாலிஷ் போட்டு வைத்துவிட்டுப் போன ஷூவில், மேடையில் ஏறிக் கோப்பையை வாங்கினாய். நான் கை வலிக்கத் தட்டினேன். நீ இறங்கி ஓடி வந்தாய், என்னைப் பார்த்தாய், எனக்குப் பின்னால் பார்த்தாய். "அத்தை எங்கம்மா?" என்றாய்.

அப்போதே நான் தோற்றுவிட்டேன். தோற்றவள் சும்மா இருந்தாளா? இரண்டு மூன்று வாரம் நீ தினமும் சாயங்காலம் அந்த ஒன்பதாவது படி ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அத்தை ஏன் வரல, அத்தை ஏன் வரல என்று பிடுங்கி எடுத்தாய். ஒருநாள் சொன்னேன்: "அவங்களுக்கு நம்ம வீடு பேஜாராயிடுச்சுடா. நோயாளி வீட்ல யாரு இருப்பா?" அதற்கப்புறம் நீ அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

இப்போது உனக்குத் தெரியாத பாகத்துக்கு வருகிறேன். விழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை, ஊசி போடும் நாள். இவள் எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தேன். நாலரை மணிக்குக் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். நீ சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாய், அவள் சேர்த்துவிட்ட பயிற்சிதான் அது. நான் சொன்னேன், "வர்றதுன்னா வா. அவன் இருக்கறப்ப வராத." சரி அண்ணி என்றாள். அன்றிலிருந்து ஏழு மாசம், ஒரு சனிக்கிழமை தவறாமல் வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். டாக்டரிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொல்லி, அவர் திட்டையும் வாங்கிக்கொண்டாள். ஐந்து மாத்திரையை அவர் நாலாக்கினார், அதை நான் ஒழுங்காக விழுங்கினேன். ஊசி போடுவாள், நாக்கையும் கண் இமையையும் இழுத்துப் பார்ப்பாள், மூச்சு எப்படி இருக்கு என்பாள். அவளிடம் மட்டும் அப்போதும் பொய்தான் சொல்வேன், அவள் நம்பமாட்டாள். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நீ வருவதற்குள் போய்விடுவாள். ஊசி யார் போடறாங்க என்று நீ கேட்டபோது, பக்கத்துக் கிளினிக்கில் என்றேன். கீழ் வீட்டம்மாவுக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். சொல்றதுன்னா அண்ணியே சொல்லட்டும் என்று அவள் உன் அப்பாவின் வாயைக் கட்டிவிட்டாள். அவர் சாகும்வரை சொல்லவில்லை. அவர் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் கடைசியில் அவள் தனியாக நின்றாள், நீ பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு உன்னோடு வந்தேன்.

வாராவாரம் அவள் ஒன்றே ஒன்று கேட்பாள், அவன் எப்படி இருக்கான் என்று. நல்லா இருக்கான் என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் கொடுக்கமாட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்தது, கணக்கில் நூறு வாங்கினது, சர்ச்சில் தனியாகப் பாடினது, எதையும் கொடுக்கவில்லை. ஒருநாள் வாசலில் கிடந்த உன் ஷூவை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். "காலு பெருசாயிடுச்சு" என்றாள், என்னிடம் இல்லை, ஷூவிடம். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் உன் ஷூவை உள்ளே எடுத்து வைத்தேன்.

கடைசி ஊசி அன்று எல்லாம் முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "ஒரே ஒரு தடவ அவனப் பாத்துட்டுப் போறேன் அண்ணி" என்றாள். நீ வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பஸ் போய்டும்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஒன்பதாவது படியில் கொஞ்சம் நின்றாள், பிறகு இறங்கிப் போனாள். ஆறு மாசம் கழித்துப் பரிசோதித்தபோது கிருமி இல்லை என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டை நான் அவளுக்குக் காட்டவில்லை. உன் அப்பா சொல்லியிருப்பார்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு மாத்திரையைத் துப்பியது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவள் சரிசெய்துவிட்டாள். "பஸ் போய்டும்" என்றதை யார் சரிசெய்வது?

அதனால் பத்திரிகையைத் தபாலில் போடாதே. மூன்றாவது முடிச்சை லில்லிதான் போட வேண்டும். கல்யாணம் ஆகாதவள் போடலாமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த வாய் எனக்கு உண்டு. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து நீ சென்னையிலிருந்து அரக்கோணம் வந்துவிடு, நான் இங்கிருந்து வந்துவிடுகிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து அவள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள், இரண்டாவது மாடி. பழம், பூ, பத்திரிகை எல்லாம் தட்டில் நான் கொண்டுவருகிறேன். இந்தக் கடிதத்தையும் எடுத்து வா, அவள் கேட்டால் படித்துக் காட்டு.

ஆனால் முதலில் நீ மட்டும் மேலே போ. நான் கீழேயே நிற்கிறேன். என்னிடமிருந்து அவள் கேட்டது கால் மணி நேரம். நான் பத்து நிமிஷம் தருகிறேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது, என் புத்தி உனக்குத் தெரியும். பத்து நிமிஷம் ஆனதும் ஏறி வந்துவிடுவேன். இரண்டு மாடிதானே. எனக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை.

அம்மா